துன்பம் வந்த நேரத்தில் தேவாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருமுறை வகுப்பு நடக்கிறது. பாட்டுச் சொல்லிக்கொடுப்பது கொஞ்ச நேரம்தான். முடிந்து சுண்டல் கொடுக்கும்போது தூண் ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்கிற கேள்விகளுக்குத்தான் மீதி நேரம் முழுக்கப் போகும். வேலை போனவர், வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர், கடனில் மாட்டிக்கொண்டவர் என்று ஆள் மாறுவார்களே தவிர, கேள்வி அநேகமாக அதேதான். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, நான் சொல்லும் பதிலையும் சேர்த்து இங்கே வைத்திருக்கிறேன். நான் சித்தாந்தப் புலவர் இல்லை. படித்ததையும் பெரியவர்களிடம் கேட்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

தேவாரம், திருவாசகம், திருமுறை எல்லாம் ஒண்ணுதானா அக்கா? எனக்கு எதுவுமே தெரியாது.

சைவத் திருமுறை மொத்தம் 12. அதில் முதல் ஏழும் தேவாரம்: 1 முதல் 3 வரை சம்பந்தர், 4 முதல் 6 வரை அப்பர், 7 சுந்தரர். மாணிக்கவாசகரின் திருவாசகம் எட்டாவது திருமுறையில் இருக்கிறது. காரைக்கால் அம்மையார் பாடியது பதினொன்றில். நாயன்மார்கள் கதையைச் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் பன்னிரண்டாவது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் கதைகள் பெரும்பாலும் அதிலிருந்து வருபவை. ஒரு தலத்தைப் பற்றிப் பத்துப் பதினோரு பாட்டாகப் பாடியதைப் பதிகம் என்கிறோம். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

வீட்ல பெரிய கஷ்டம். எந்தப் பதிகம் படிக்கணும்னு மட்டும் சொல்லுங்க, போதும்.

வழக்கத்தில் இருப்பதைச் சொல்கிறேன். கிரகக் கோளாறு, பயணம், பொதுவான பயம் என்றால் சம்பந்தரின் கோளறு பதிகம், 'வேயுறு தோளிபங்கன்' என்று தொடங்கும். காய்ச்சலுக்கு 'மந்திரமாவது நீறு'. மதுரையில் பாண்டியனின் வெப்பு நோய் தீரப் பாடியது. பணக் கஷ்டத்துக்கு 'இடரினும் தளரினும்'. வயிற்று வலிக்கு அப்பரின் 'கூற்றாயினவாறு'. குளிர்காய்ச்சலுக்கும் வினை பற்றிய பயத்துக்கும் 'அவ்வினைக்கு இவ்வினை' என்று தொடங்கும் திருநீலகண்டப் பதிகம்.

ஆனால் மருந்துக் கடையில் சீட்டு நீட்டுகிற மாதிரி இதைக் கேட்டு வாங்கிப் போகிறவர்கள் ரெண்டு வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். எந்தக் கஷ்டத்தில் பாடியது, பாடினவர் அப்போது எந்த நிலையில் இருந்தார் என்று தெரிந்துகொண்டு படித்தால் பாட்டு கையில் நிற்கும். கீழே நான் நீளமாகச் சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

பண் தெரியாது, குரலும் நல்லா இருக்காது. சும்மா படிச்சா தப்பா?

தப்பே இல்லை. பண்ணோடு பாடுவது தனி அழகு, ஓதுவார் பாடக் கேட்டால் அது தெரியும். ஆனால் அது தெரிந்தால்தான் வாயைத் திறக்கலாம் என்று ஒரு விதியும் கிடையாது. எங்கள் வகுப்புக்கு வந்த ஓர் அம்மா, கணவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது, வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரே ஒரு பாட்டை எழுதி வைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அப்படியே மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு எழுந்து ஓடினார். எந்த ராகமும் இல்லை. சந்தி கூட அங்கங்கே தப்பு. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

பதினோரு பாட்டும் முடியாவிட்டால் முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் படியுங்கள். அதுவும் முடியாவிட்டால் ஒரு வரி.

தீட்டு நேரத்துல படிக்கலாமா? எங்க வீட்ல அசைவம் வேற சாப்பிடுவாங்க.

கோயிலுக்குள் போவதற்குக் கோயிலின் வழக்கம் என்று ஒன்று இருக்கிறது. அது வேறு பேச்சு. வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் பாட்டைச் சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை என்பது என் கருத்து. சாவு வீட்டிலேயே சிவபுராணம் பாடுகிற மரபு நம்முடையது. குடல் முறுக்கிப் புரண்டு கிடந்த நிலையில் பாடின அப்பரிடம் யாரும் குளித்தாயா என்று கேட்கவில்லை.

48 நாள் விடாம படிச்சா பலன் நிச்சயமா கிடைக்குமா?

இதற்கு நான் 'நிச்சயம்' என்று சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும். சொல்ல மாட்டேன். பதிகத்தின் கடைசிப் பாட்டில் பலன் சொல்லியிருக்கிறதே என்பீர்கள். சொல்லியிருப்பது என்ன என்று ஒருதரம் பாருங்கள். கோளறு பதிகத்தின் கடைசி வரி, இதை ஓதும் அடியார்கள் 'வானில் அரசாள்வர் ஆணை நமதே' என்கிறது. பணத்துக்கு என்று எல்லாரும் படிக்கிற 'இடரினும் தளரினும்' பதிகத்தின் கடைசிப் பாட்டு, வினை நீங்கி விண்ணுலகம் ஏறுவார்கள் என்கிறது. பாங்க் கடன் அடையும் என்று அதில் எங்கேயும் இல்லை! பலன் பட்டியல் போட்டது நாம்தான்.

ஒரு மண்டலம் படிப்பதில் வேறு ஒரு நன்மை இருக்கிறது. தலைக்கு மேல் பிரச்சினை இருக்கும்போது நாளுக்கு ஒரு வடிவமே இருக்காது. காலையில் விளக்கேற்றி ஒரு பதிகம் என்று ஒன்று நிலையாக இருந்தால், அதைச் சுற்றி மற்றதும் கொஞ்சம் ஒழுங்குக்கு வரும். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். அடுத்த நாள் படியுங்கள்.

சாமிகிட்ட போய் காசு கேக்குறது அசிங்கமா இல்லையா? நல்ல புத்தி கொடுன்னு தானே கேக்கணும்?

சம்பந்தர் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்குச் சீகாழியில் வேள்வி செய்யப் பொருள் தேவைப்பட்டது. பிள்ளை கையில் ஒன்றும் இல்லை. திருவாவடுதுறைக் கோயிலில் போய் நின்று பாடியதுதான் 'இடரினும் தளரினும்'. ஒவ்வொரு பாட்டிலும் முதல் பாதி, என்ன ஆனாலும் உன்னை விட மாட்டேன் என்கிறது: 'வாழினும் சாவினும் வருந்தினும் போய் வீழினும் உனகழல் விடுவேன் அல்லேன்'. அடுத்த பாதி நேரே சண்டைதான்: 'இதுவோ எமை ஆளுமாறு, ஈவதொன்று எமக்கில்லையேல், அதுவோ உனது இன்னருள், ஆவடுதுறை அரனே'. இப்படித்தான் எங்களை வைத்துக் காப்பாற்றுவாயா, கொடுக்க ஒன்றுமில்லை என்றால் இதற்குப் பேர் அருளா என்று கேட்கிறார். பொற்கிழி கிடைத்தது என்பது பெரியபுராணம்.

இன்னொன்று இதைவிட வேடிக்கை. பஞ்ச காலம். திருவீழிமிழலையில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் தினம் ஒரு பொற்காசு பீடத்தில் கிடைக்கிறது, அடியாருக்குச் சோறு போட. அப்பரின் காசு நல்ல காசு, கடையில் உடனே மாறியது. சம்பந்தரின் காசுக்கு வட்டம் பிடித்தார்கள். அதாவது தரம் குறைவு என்று மதிப்பைக் குறைத்துத்தான் வாங்கினார்கள். அதனால் அவர் மடத்தில் சாப்பாடு தாமதமாயிற்று. ஏன் என்று விசாரித்தால், அப்பர் உழவாரம் பிடித்துக் கையால் வேலை செய்கிறவர், அதனால் அவருக்கு நல்ல காசு என்று தெரிந்தது. சம்பந்தர் என்ன செய்தார்? 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று அதையும் பாடியே கேட்டார். காசு குறைகிறது, சரி பண்ணிக் கொடு என்று.

மளிகைக் கடை பாக்கி நோட்டை நினைத்துக்கொண்டு கோயிலில் நிற்கிறவர், மேலுக்கு 'ஞானம் கொடு' என்று வேண்டிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. மனசில் ஓடுவது பாக்கிதான் என்றால் பாக்கியைச் சொல்லுங்கள். வேள்விக்கும் ஊருக்குச் சோறு போடவும் கேட்டார்களே தவிர, தனக்குச் சேர்த்து வைக்கக் கேட்கவில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

எனக்கு இப்போ சாமி மேல கோவம் கோவமா வருது. திட்டினா பாவம் வருமா?

மேலே சொன்ன 'இதுவோ எமை ஆளுமாறு' உங்களுக்குக் கோபமாகத் தெரியவில்லை என்றால் சுந்தரரிடம் வாருங்கள். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்து, பிறகு அதை மீறித் திருவாரூருக்குக் கிளம்பினார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. தப்பு தன்மேல்தான் என்று அவருக்குத் தெரியும். தட்டுத் தடுமாறித் திருவெண்பாக்கம் போய், கோயிலில் இருக்கிறாயா என்று கேட்கிறார். ஊன்றுகோல் ஒன்று கிடைத்தது. 'உளோம், போகீர்' என்று பதிலும் வந்தது. இருக்கிறோம், நீ போ! கண் கேட்டவருக்குக் கோல். (அந்தப் பழைய ஊர் இன்று பூண்டி ஏரிக்குள் இருக்கிறது. கோயிலைக் கரைக்கு மாற்றிக் கட்டியிருக்கிறார்கள்.)

காஞ்சியில் ஒரு கண் வந்தது. திருவாரூர் வந்து மறு கண்ணுக்காகப் பாடியதுதான் 'மீளா அடிமை'. உனக்கே ஆளாகி, வேறு யாரிடமும் போகாமல், மூளாத தீ மாதிரி உள்ளே கனன்று முகம் வாடிக் கிடக்கிற அடியார்கள் தங்கள் அல்லலைச் சொன்னால், 'வாளாங்கு இருப்பீர் திருவாரூரீர், வாழ்ந்து போதீரே'. சும்மா உட்கார்ந்திருக்கிறீர், நல்லா இருந்துட்டுப் போம் என்கிற தொனி. வயிறெரிந்தவர்கள் நம் வீட்டு வாசலில் நின்று சொல்வார்களே, அதே குரல். இதை யாரும் பாவம் என்று ஒதுக்கவில்லை. ஏழாம் திருமுறையில் சேர்த்து, கோயில் கோயிலாகப் பாடுகிறோம்.

ஆகவே திட்டுங்கள். ஒரே ஒரு விஷயம்: அவர் முகத்தைப் பார்த்துத் திட்டினார். 'பிறரை வேண்டாதே' என்று அந்தப் பாட்டிலேயே இருக்கிறது. பேச்சை நிறுத்திக்கொண்டு போவதைவிடச் சண்டை எவ்வளவோ மேல்.

போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணினேனோ, அதான் இப்படி அனுபவிக்கிறேன்னு எல்லாரும் சொல்றாங்க. நிஜமா?

வினை உண்டு என்றுதான் சைவம் சொல்கிறது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே உங்கள் வினைக்கணக்கைப் படிக்க எந்தச் சொந்தக்காரருக்கும் அதிகாரம் கிடையாது.

சம்பந்தர் திருச்செங்கோட்டில் தங்கியிருந்தபோது கூட வந்த அடியார்களுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. அப்போது பாடின திருநீலகண்டப் பதிகத்தின் முதல் பாட்டு இந்தக் கேள்விக்கே பதில்: 'அவ்வினைக்கு இவ்வினை ஆமென்று சொல்லும் அஃதறிவீர், உய்வினை நாடாதிருப்பதும் உந்தமக்கு ஊனமன்றே'. முன்னே செய்ததற்கு இது என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே, தப்பிக்கும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையில்லையா என்கிறார். அடுத்த வரி 'கைவினை செய்து எம்பிரான் கழல் போற்றுதும்'. கையால் தொண்டு செய்து கும்பிடுவோம், செய்வினை நம்மைத் தீண்டாது என்று முடிகிறது பாட்டு. காரணம் தேடுவதில் அவர் ஒரு நிமிஷம்கூடச் செலவழிக்கவில்லை. காய்ச்சலில் கிடந்தவர்களைப் பார்த்து 'நீங்கள் செய்த வினை' என்று சொல்லிவிட்டு நகரவும் இல்லை.

சனிப்பெயர்ச்சி சரியில்லை, பரிகாரம் பண்ண முப்பதாயிரம் ஆகும்னு ஜோசியர் சொல்றார். கடன் வாங்கிப் பண்ணட்டுமா?

கடன் வாங்கிச் செய்யாதீர்கள். கோளறு பதிகம் பிறந்த கதையே இதற்குப் பதில் சொல்லும். திருமறைக்காட்டில், அதாவது வேதாரண்யத்தில், சம்பந்தரும் அப்பரும் இருக்கிறார்கள். பாண்டியனின் அரசி மங்கையர்க்கரசியாரும் மந்திரி குலச்சிறையாரும் மதுரைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்புகிறார்கள். அப்பர் ஏற்கெனவே சமணர் கையில் பட்டவர். நாளும் கோளும் சரியில்லை, போக வேண்டாம் பிள்ளாய் என்று தடுக்கிறார். சம்பந்தர் நல்ல நாள் பார்த்துத் தரச்சொல்லவில்லை. சிவன் 'என் உளமே புகுந்த அதனால்' ஞாயிறு முதல் பாம்பு இரண்டும், அதாவது ராகு கேது, வரை எல்லாம் அடியாருக்கு நல்லவை என்று பாடிவிட்டுக் கிளம்பிவிட்டார். செலவு ஒன்றும் இல்லை.

இதற்கு அடுத்த பகுதியை யாரும் சொல்வதில்லை. அவ்வளவு பாடிவிட்டுப் போன பிள்ளை தங்கிய மடத்துக்கு, மதுரை போய்ச் சேர்ந்த ராத்திரியே தீ வைத்தார்கள். கோளறு பதிகம் பாடினதால் வழியில் ஒன்றும் வராமல் போகவில்லை. வந்தது. வந்தபோதும் பதறவில்லை, அதற்கும் ஒரு பதிகம் பாடினார். நீங்கள் படித்த மறுநாளே ஸ்கூட்டர் பஞ்சர் ஆனால் பதிகம் பலிக்கவில்லை என்று மூடி வைத்துவிடாதீர்கள்.

டாக்டர் மாத்திரையை நிறுத்திட்டு முழுசா திருநீறும் பதிகமுமா இருக்கலாமா?

கூடாது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு திருநீறு பூசிக்கொள்ளுங்கள். 'உய்வினை நாடாதிருப்பது ஊனம்' என்று மேலே பார்த்தோம். சிகிச்சையும் உய்வினைதான்.

அப்பரைச் சுண்ணாம்புக் காளவாயில போட்டப்பவும் 'மாசில் வீணையும்'னு பாடினாராம். எனக்கு ஒரு போன் அடிச்சாலே நெஞ்சு படபடங்குது. என் பக்தி பொய்யா?

இந்தக் கேள்வியைக் கேட்காதவரே இல்லை. கதை தெரியும்: பல்லவ அரசன் அவரை ஏழு நாள் நீற்றறையில் அடைத்தான். உள்ளே இருந்துகொண்டு வீணை, மாலை நிலா, தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் குளம் இவை போல இருக்கிறது ஈசன் நிழல் என்று பாடினார். பிறகு கல்லில் கட்டிக் கடலில் தள்ளினார்கள். 'சொற்றுணை வேதியன்' பாடித் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார். இன்றைய கடலூர்.

ஆனால் அதே மனிதருடைய முதல் பதிகத்தை எடுத்துப் படியுங்கள். தருமசேனர் என்று பெயர் பெற்றுச் சமணத்தில் இருந்தவர், சூலை நோய் தாங்காமல் ராத்திரியோடு ராத்திரியாக அக்கா திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்கு வந்து பாடியது. 'குடரோடு துடக்கி முடக்கியிட ஆற்றேன் அடியேன்' என்கிறார். முடியவில்லை, தாங்க முடியவில்லை. பத்துப் பாட்டும் இந்தக் கதறல்தான். அதில் ஒரு பாட்டில் மிரட்டல்கூட இருக்கிறது. அடியார் படுகிற பாடு இதுதான் என்றால் 'என்போலிகள் உம்மை இனித்தெளியார்', என்னை மாதிரி ஆட்கள் இனி உன்னை நம்ப மாட்டார்கள், பார்த்துக்கொள் என்கிறார்.

திருவதிகைக்கும் காளவாய்க்கும் நடுவில் நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நோய் தீர்ந்ததும் அவர் கோயிலில் புல் செதுக்கிக்கொண்டும் பாடிக்கொண்டும் இருந்தார். அக்காவும் அதே கோயிலில் பெருக்கி மெழுகிப் பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். திடம் ஒரே நாளில் மேலிருந்து விழுந்ததாகத் தெரியவில்லை. 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்று இன்னொரு பதிகத்தில் சொல்கிறாரே, அதற்கு முந்தின வரி 'தன் கடன் அடியேனையும் தாங்குதல்'. தாங்குவது அவன் வேலை. நெஞ்சு படபடத்தால் படபடக்கட்டும். போனை எடுத்துப் பேசுங்கள், பேசி முடித்துவிட்டு விளக்குத் துடைக்கிற வேலை இருந்தால் அதைப் பாருங்கள். நீங்கள் இருப்பது திருவதிகையில். காளவாயோடு ஒப்பிட்டுப் பார்த்து மனசைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம்.

ராத்திரி தூக்கமே இல்லை. செத்துப்போயிடலாம்னு தோணுது. அப்பவும் பதிகம்தானா?

முதலில் பக்கத்தில் இருக்கிற ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள். யாரும் இல்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலோ, தமிழ்நாட்டில் 104 எண்ணிலோ கூப்பிட்டுப் பேசுங்கள். மனநல மருத்துவரிடம் போவது பக்திக்குக் குறைவான காரியம் கிடையாது. பதிகம் அதற்கு அப்புறம்.

திலகவதியாரும் அந்த எல்லைக்குப் போனவர்தான். அப்பா அம்மா இரண்டு பேரும் போனார்கள். நிச்சயித்திருந்த கலிப்பகையார் போரில் இறந்தார். நானும் போகிறேன் என்று நின்றார். தம்பி காலில் விழுந்து, நீ போனால் உனக்கு முன்னால் நான் போய்விடுவேன் என்று அழுதான். 'தம்பியார் உளராக வேண்டுமென வைத்த தயா' என்று சேக்கிழார் பாடுகிறார். அந்தத் தயவினால் உயிரோடு இருந்தார். பெரிய தத்துவம் ஒன்றும் அவரைப் பிடித்து நிறுத்தவில்லை, சின்னப் பையன் ஒருவன்தான். உங்கள் வீட்டிலும் யாராவது இருப்பார்கள்.

கஷ்டத்துல இருக்கறவங்ககிட்ட 'எல்லாம் சிவன் செயல், நல்லதுக்குத்தான்'னு சொல்லலாமா?

உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவருக்குச் சொல்லாதீர்கள். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுங்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வாருங்கள். அவர்கள் கேட்டால் கூட உட்கார்ந்து ஒரு பாட்டுப் படியுங்கள்.

அப்பர் பதிகம் பாடி அப்பூதியடிகள் பிள்ளையை எழுப்பினார். நானும் தான் பாடினேன். என் வீட்டுக்காரர் ஏன் பிழைக்கலை?

திங்களூரில் வாழையிலை அறுக்கப் போன பிள்ளையைப் பாம்பு கடித்தது, 'ஒன்றுகொலாம்' பாடியதும் எழுந்தான். அது கதையில் இருக்கிறது. உங்கள் கணவர் எழவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் சரியாகப் பாடவில்லை, நம்பிக்கை போதவில்லை என்று யாராவது சொன்னால் அது பொய். அதை மட்டும் தைரியமாகச் சொல்வேன்.

அதே பெரியபுராணத்தில் எழாதவர்களும் இருக்கிறார்கள். மேலே சொன்ன கலிப்பகையார் எழவில்லை. திலகவதியார் எவ்வளவு பெரிய அடியார்! அவருக்காக யாரும் ஒரு பதிகம் பாடிக் கலிப்பகையாரை எழுப்பவில்லை. தம்பிக்காகத்தான் சிவனிடம் கேட்டார், அது நடந்தது. தனக்கு ஆனதற்குக் கடைசிவரை ஒரு விளக்கமும் கிடைத்ததாகச் சேக்கிழார் எழுதவில்லை.

இந்தக் கேள்வியோடு வருகிறவர்களுக்கு நான் காரைக்கால் அம்மையாரின் இரண்டு பாட்டைத்தான் கொடுப்பேன். அற்புதத் திருவந்தாதியின் முதல் வெண்பா, பிறந்து பேசப் பழகின நாள் முதல் உன் காலையே பிடித்தேன், 'எஞ்ஞான்று தீர்ப்பது இடர்' என்று கேட்கிறது. எப்போதுதான் என் துன்பத்தைத் தீர்ப்பாய்? அதற்கு அடுத்த வெண்பாவில் பதில் வரும் என்று பார்த்தால் வராது. 'இடர்களையாரேனும் எமக்கு இரங்காரேனும்' என்று தொடங்குகிறது: துன்பத்தைத் தீர்க்காவிட்டாலும், எனக்கு இரங்காவிட்டாலும், போகிற வழியைச் சொல்லாவிட்டாலும், 'அன்பறாது என் நெஞ்சு அவர்க்கு'. இரண்டையும் சேர்த்தே படியுங்கள். இரண்டாவதற்கு உடனே வந்துவிட வேண்டும் என்று அவசரம் இல்லை. முதல் பாட்டிலேயே வருஷக்கணக்காக நிற்கலாம்.

எனக்கு இப்போ நம்பிக்கையே இல்லை அக்கா. வாய் மட்டும் பாடுது. இது ஏமாத்து வேலைதானே?

யாரை ஏமாற்றுகிறீர்கள்? உள்ளே ஒன்றும் இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள், சாமிக்கும் தெரியும். இதில் ஏமாந்தவர் யாரும் இல்லை. நம்பிக்கை இருக்கிறமாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம், அவ்வளவுதான். கோபம் இருந்தால் 'மீளா அடிமை', வலி இருந்தால் 'கூற்றாயினவாறு'. இந்த இரண்டையும் பாடுவதற்கு அமைதியான மனசு தேவையில்லை, அமைதியான மனசோடு பாடினவையும் இல்லை.

அதுவும் முடியாதபோது வந்து உட்கார்ந்து கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மற்றவர்கள் பாடுவார்கள். நீங்கள் வாயைத் திறக்கவில்லையே என்று யாரும் கேட்க மாட்டோம். சுண்டல் எல்லாருக்கும் உண்டு.